முகம் கழுவுதலும் தூய்மையின் பொருளும்

தூய்மை என்பது தோலின் அழுக்கைப் பற்றியதா, உள்ளத்தின் ஆயத்தத்தைப் பற்றியதா என்னும் வினாவுக்கு, தொழுகைக்கு முன் உறுப்புகளைக் கழுவும் 'உளூ' என்னும் இஸ்லாமியக் கடமை தெளிவான விடை தருகிறது. இரு கைகளிலும் அள்ளிய நீர், முடி தொடங்கும் நெற்றி விளிம்பிலிருந்து மோவாய் வரையும், காதிலிருந்து காது வரையும் படர்ந்து ஓடினாலே, ஷாஃபிஈ, ஹனஃபி சட்ட மரபுகளின்படி முகம் கழுவப்பட்டதாகிறது; அழுத்தித் தேய்ப்பது கட்டாயமன்று, மூன்று முறைக்கு மேல் கழுவுவதும் விரும்பத்தக்கதன்று. நீர் பட்டால் தீங்கு நேரும் என்னும் நிலையிலுள்ள நோயாளிகள், தூய மண்ணைத் தொட்டு முகத்தையும் கைகளையும் தடவிக்கொள்ளும் 'தயம்மும்' என்னும் மாற்றுமுறைக்குக் குர்ஆனின் 5ஆம் அத்தியாயம், 6ஆம் வசனம் இடமளிக்கிறது. மண்ணே தூய்மைக்குப் போதுமானதாகும்போது, தூய்மையின் உயிர் தேய்ப்பில் இல்லை, பணிவில் இருக்கிறது என்பது விளங்கும். உடல் இறைவனின் அமானிதம், அதாவது அடைக்கலப் பொருள். அதை வருத்துவது வழிபாடாகாது.