பூவின் பொய்யும் என் பொய்யும்

ஐரோப்பாவிலே சிலந்தி ஆர்க்கிட் என்றொரு செடி உண்டு. அதன் பூவில் துளித் தேனும் கிடையாது. ஆனால், மண்ணில் வளை தோண்டும் ஒருவகைத் தேனீயில், பெண்ணின் உடல்மெழுகில் உள்ள அதே ஹைட்ரோகார்பன்களை அது மணமாக வீசுகிறது. 1999இல் வியன்னாவைச் சேர்ந்த ஃப்ளோரியன் ஷீஸ்டலும் சகாக்களும் இதைக் கண்டு சொன்னார்கள். ஆண் தேனீ துணையென்று நம்பிப் பூவைத் தழுவுகிறது. மகரந்தத்தைச் சுமந்துகொண்டு வெறுங்கையோடு பறக்கிறது.

படித்ததும் எனக்குச் சுருக்கென்றது. இல்லாத பெண்களைப் படைத்து, இருக்கிற மனிதர்களை அழவைத்துச் சன்மானம் வாங்குகிறவன்தானே நானும்?

எங்கள் தூத்துக்குடிச் சிப்பியிடம் ஆறுதல் தேடினேன். முத்துக்குளிப்பு 1961ஓடு ஓய்ந்த இக்கரையில், 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் சிப்பிக்குள் ஒரு மணியையும், வேறொரு சிப்பியின் சதைத் துணுக்கையும் வைத்து முத்து விளைவித்தார்கள். மணி மனிதன் வைத்தது. அதன்மேல் சிப்பி பூசிய ஒளியோ மெய்.

அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்த முத்து சிப்பிக்கா போகிறது? நாமல்லவா எடுத்துக்கொள்கிறோம்!

ஆகவே, பொய்யை எடைபோட ஒரே கேள்விதான்: விளைந்தது யார் வீட்டுக்குப் போகிறது? கதை முடிந்தபின் வாசகரிடம் ஏதாவது தங்கினால் நான் பிழைத்தேன். இல்லையேல், நானும் அந்தப் பூதான்.