எவ்வளவு போதும்?
என் சைக்கிளின் பார் கம்பிக்குக் கீழே தொங்கும் பையை நானே தைத்தேன். திருப்பூரில் எடைக்கு வாங்கிய நைலான் துணி, 18ஆம் நம்பர் ஊசி, அம்மாவின் பழைய தையல் மெஷின். யாரும் கற்றுத்தரவில்லை, கிழிந்த பையொன்றைப் பிரித்துப் பார்த்தே பழகினேன். நைலானின் வெட்டிய விளிம்பை நெருப்பில் லேசாகக் காட்ட வேண்டும், இல்லாவிட்டால் நூல் பிரியும்.

ஆனால் கத்திரி வைக்கும் முன்பே ஒரு கேள்வி வந்துவிடுகிறது: எனக்கு எவ்வளவு போதும்? சமண இல்லறத்தாரின் ஐந்து சிறு நோன்புகளான அணுவிரதங்களில் ஒன்று, உடைமைக்குத் தானே வரம்பு கட்டிக்கொள்வது. பெருந்துறைப் பக்கம் விஜயமங்கலத்தில் சமணத்தின் எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரபிரபருக்குக் கோயில் இருக்கிறது. கொங்கு மண்ணுக்கு இந்தச் சிந்தனை புதிதல்ல. துறவி எல்லாவற்றையும் விடுகிறார். இல்லறத்தார் அளந்து வைத்துக்கொள்கிறார். எனக்கு இந்த அளத்தலே கடினமாகப் படுகிறது. அரை அங்குலம் கூட்டேன் என்று மனசு ஒவ்வொரு முறையும் கேட்கிறது. அடுத்த சைக்கிள் பயணம் வால்பாறைக்கு: ரெயின்கோட், பஞ்சர் சாமான், ஒரு வேட்டி, கட்டுச்சோறு. இவற்றுக்கு மட்டும்தான் அளவெடுத்திருக்கிறேன்.