தூங்கியவருக்குத் தெரியாத இரவு

என் வீட்டுக்காரர் காலையில் எழுந்ததும், “நல்லாத்தான் தூங்கினேன்” என்பார். பொய் பேசுகிறவர் அல்ல. ஆனால் இரவெல்லாம் நான் கேட்டது வேறு. குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நிற்கும். மார்பு தவிக்கும், மூச்சு வராது. பிறகு ஒரு திணறலோடு திரும்பும். பரிசோதித்ததில் மணிக்கு 38 முறை அப்படி. 30-ஐத் தொட்டாலே கடுமைதான் என்றார் டாக்டர்.

மதுரை கீழமாசி வீதியில் எங்களுக்குப் பலசரக்குக் கடை. மத்தியானமானால் கல்லாவிலேயே கண் சொக்கிவிடுவார். “தம்பிக்குத் தமோ குணம் ஜாஸ்தி, வாயைக் கட்டணும்” என்பார் நாத்தனார். கீதை வகுப்புக்குப் போகிறவர். சோம்பலையும் தூக்கத்தையும் கீதை தமஸோடு சேர்த்துச் சொல்வது உண்மைதான். அதற்காக உடம்பு பெருப்பதைப் பாவமாகவும், பகல் தூக்கத்தை அதன் தண்டனையாகவும் பேசுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பார்வைக்குக் குண்டே இல்லை. கை கால் ஒல்லி, தொந்தியும் கழுத்தும்தான் பெருத்தவை. டாக்டர் எடையைவிடக் கழுத்தளவைத்தான் கவனித்தார்: 43 செ.மீ. கொழுப்பு எவ்வளவு என்பதோடு எங்கே தங்கியது என்பதும் முக்கியமாம். நாக்கிலும் தொண்டையைச் சுற்றியும் சேர்ந்தால், தூக்கத்தில் தசை தளர்ந்ததும் மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. படுத்தால் தொந்தி உதரவிதானத்தை மேலே தள்ளி நுரையீரலையும் நெருக்கும். புனே டாக்டர் யாஜ்னிக்கும் லண்டன் டாக்டர் யூட்கினும் 2004-இல் ‘லான்செட்’ இதழில் தங்கள் இருவர் உடம்பையே ஒப்பிட்டுக் காட்டினார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. நம்மவர் பலருக்கும் உடம்பு யாஜ்னிக்கின் வாகுதான். தாடை சிறுத்திருந்தால் மெலிந்தவருக்கும் இந்த மூச்சுத்தடை நோய் வரும். மூச்சுக்காக விடிய விடியப் போராடியவரைச் சோம்பேறி என்பது எந்த தர்மம்?

“நல்லாத்தான் தூங்கினேன்” என்கிறாரே, அது எப்படி என்ற இன்னொரு கேள்வியும் என்னை ரொம்ப நாளாகக் குடைகிறது. எங்கள் ஊர்ச் சொக்கப்ப நாயக்கன் தெரு வீட்டில்தான் 1896-இல் ரமண மகரிஷிக்கு மரண அனுபவம் வந்தது. சிறுவயதில் அவர் அடித்தாலும் எழாத தூக்கக்காரர். பின்னாளில் தூக்கத்தை வைத்தே உபதேசம் செய்தார்: ‘நான்’ என்ற நினைப்பே இல்லாத உறக்கத்திலிருந்து எழுந்து சுகமாகத் தூங்கினேன் என்கிறோமே, அப்போதும் இருந்தது யார்? அந்தச் ‘சுகமாகத் தூங்கினேன்’ உள்ளே இருந்தவரின் நினைவு என்பது அத்வைதம். எழுந்தபின் செய்துகொள்ளும் ஊகம் என்பது நியாய மதம்.

என் வீட்டுக்காரர் விஷயத்தில் நியாயக்காரர்கள் பக்கம்தான் நிற்கிறேன். அவர் வாயால் சொன்னது சுகத்தின் நினைவு இல்லை. மூச்சுத் திணறி விழித்த விழிப்பெல்லாம் மறந்துபோனது, அவ்வளவுதான். ரமணர் பேசிய ஆழ்ந்த உறக்கத்துக்கு அவர் போய்ச் சேரவே இல்லை என்று தோன்றுகிறது. உள்ளே ஒரு சாட்சி இருக்கலாம். ஆனால் மூச்சு நின்றதைக் கேட்டது பக்கத்தில் படுத்திருந்த நான். உடம்பை இறைவன் குடியிருக்கும் கோயில் என்றார் திருமூலர். தூங்குகிறவரின் கோயிலுக்குக் காவல், விழித்திருப்பவருடைய கடமை என்றே எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது முகமூடி மாட்டி, காற்றுச் செலுத்தும் மெஷினோடு படுக்கிறார். காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்கிறார். எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மூச்சுத்தடை ஏறக்குறைய கால்வாசி குறையும் என்று 2000-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் தூக்க ஆய்வு கணித்தது. நாத்தனார் சொன்ன பிரதோஷ விரதமும் இருக்கிறார். அதைப் பரிகாரம் என்று மட்டும் அவரிடம் சொல்லாதீர்கள் மதினி என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.