கார்த்திகைப் பெண்கள் நம்ம வீட்டிலும் வேணும்





கிருத்திகை விரதம் இருக்கிற நமக்கு சரவணப் பொய்கைக் கதை தெரியும். சிவபெருமான் நெற்றிக்கண்ணிலிருந்து வந்த ஆறு பொறி, ஆறு தாமரையில் ஆறு குழந்தை. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் பாலூட்டி வளர்த்தாங்க. அப்புறம் அம்மை பார்வதி வந்து ஆறு பேரையும் சேர்த்து அணைக்க, ஆறு முகத்தோட ஒரே பிள்ளை ஆனான். ஒன்றாச் சேர்ந்தவன், அதனால கந்தன்னு பெரியவங்க பொருள் சொல்வாங்க.

இந்தக் கதையை இன்னைக்கு உதட்டில் பிளவோட குழந்தை பிறந்த வீட்டுக்காகச் சொல்றேன்.

எங்க மரக்காணம் உப்பளப் பக்கமும் சரி, மத்த ஊர்லயும் சரி, அப்படி ஒரு குழந்தை பிறந்ததும் "பால் குடிச்சுதா?"ன்னு கேட்கிறவங்க கம்மி. "கிரகணத்தப்ப வெளியில போனியா? அரிவாள்மனை எடுத்தியா?"ன்னு கேட்கிறவங்கதான் அதிகம். பிள்ளை பெத்த அலுப்பு கூட தீராத ஒருத்தி மேல அந்த நிமிஷமே பழி விழுது.

கொஞ்சம் யோசிங்க. வயித்துக்குள்ள எல்லார் முகமும் தனித்தனிப் பகுதிகளாத்தான் வளர ஆரம்பிக்குது. அதெல்லாம் நடுவில் வந்து சேர்ந்துதான் மேல் உதடு உருவாகுது. கர்ப்பத்தோட 4வது வாரத்திலிருந்து 7வது வாரத்துக்குள்ள இது முடிஞ்சிடும். அந்தச் சேர்க்கை முழுசா நடக்கலன்னா பிளவு. உலக அளவில் ஏறக்குறைய 700 குழந்தைகளில் ஒண்ணுக்கு உதட்டிலோ அண்ணத்திலோ இப்படி வருது. பரம்பரைக் கூறு, சத்துக்குறைவு, சில மருந்துகள்னு காரணம் பல. பல வீட்டில் இதுதான்னு ஒண்ணைச் சொல்லவே முடியாது. ஏழாம் மாசத்தில் வந்த கிரகணம், ரெண்டாம் மாசத்திலேயே உருவாகி முடிஞ்ச உதட்டை எப்படிப் பிளக்கும்? கிரகணம் ஊருக்கே வருது, பழி மட்டும் ஏன் ஒருத்திக்கு?

அவளுக்கு வேண்டியது விசாரணை இல்லை, கார்த்திகைப் பெண்கள். பெறாத பிள்ளைக்குப் பசியாத்தினவங்க அவங்க.

உதடு மட்டும் பிளந்திருந்தா பல குழந்தைகள் தாய்ப்பாலை நேரடியாவே குடிக்கும். அண்ணத்திலும் பிளவு இருந்தா உறிஞ்ச முடியாது, பால் மூக்கு வழியா வரும். அப்போ தாய்ப்பாலைப் பீச்சி, குழந்தையை நிமிர்த்திப் பிடிச்சு, பாலாடையில் கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும். நடுநடுவே தோளில் போட்டுத் தட்டி ஏப்பம் விட வைக்கணும். நர்ஸ் அக்காகிட்ட ஒருமுறை முறையாக் கத்துக்கோங்க. நடுராத்திரி ஒரு வேளையை மாமியார் எடுத்துக்கலாம், ஒரு வேளையை அப்பா எடுத்துக்கலாம். அப்பா பாலாடை பிடிச்சா ஒண்ணும் குறைஞ்சிடாது.

அடுத்தது பொறுமை. உப்பளத்தில் தண்ணி கட்டின அன்னைக்கே யாரும் உப்பு வாருறதில்லை. பாத்தியில் வெயில் வாங்கி, நீர் முறுகி, அதுக்கான நாள் வரணும். குழந்தைக்கும் எடை ஏறணும், ரத்தம் ஊறணும். உதட்டு ஆபரேஷன் பெரும்பாலும் 3 மாசத்திலிருந்து 6 மாசத்துக்குள்ள, அண்ணத்துக்கு ஒன்றரை வயசுக்குள்ள செய்வாங்க. ஆனா காத்திருக்கிறது வேற, தள்ளிப்போடுறது வேற. பிறந்த வாரமே டாக்டரைப் பார்த்து நாள் குறிச்சிட்டு அப்புறம் காத்திருங்க.

பணத்துக்குப் பயந்து நிக்காதீங்க. 2013ல தொடங்கின ராஷ்ட்ரிய பால ஸ்வஸ்த்ய கார்யக்ரம் திட்டத்தில் இந்தப் பிளவும் சேர்ந்திருக்கு; ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டா வழிகாட்டுவாங்க. ஸ்மைல் டிரெயின் அமைப்பும் பல மருத்துவமனைகள் மூலமா இலவச ஆபரேஷனுக்கு உதவுது. நமக்குப் பக்கத்தில், ஈசிஆரில் தெற்கே போனா புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கு.

"முருகனை நம்பினா ஆபரேஷன் எதுக்கு?"ன்னு சிலர் கேட்பாங்க. குமரகுருபரர் கதையைச் சொல்வாங்க. ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்து அஞ்சு வயசு வரைக்கும் பேசாத பிள்ளை, திருச்செந்தூர் முருகன் அருளால் பேசி, கந்தர் கலிவெண்பா பாடினார். உண்மைதான். ஆனா அந்தப் பெத்தவங்க என்ன செஞ்சாங்கன்னும் பாருங்க. "ஊமைப் பிள்ளை"ன்னு ஊர் பேசுமேன்னு வீட்டுக்குள்ள ஒளிச்சு வைக்கலை. ஊரே கூடுற சந்நிதிக்குத் தூக்கிட்டுப் போனாங்க. தன்னால முடிஞ்சதைச் செய்யாம அவங்க உட்காரலை. இன்னைக்கு நம்மால முடிஞ்சதில் டாக்டரும் உண்டு, அண்ணப் பிளவுக்கு அப்புறம் தேவைப்படுற பேச்சுப் பயிற்சியும் உண்டு. வேலைக் கும்பிடுற கை, அந்த டாக்டர் கையில் இருக்கிற கத்தியைப் பார்த்து ஏன் பயப்படணும்? பிரிஞ்சதைச் சேர்க்கிற வேலை கந்தனோட வேலைதானே!

அடுத்த கிருத்திகைக்கு மயிலம் மலை ஏறும்போது குழந்தை முகத்தை முந்தானையால் மூடாதீங்கம்மா. ஆறு முகத்தையும் அழகுன்னு கொஞ்சின தாயோட பிள்ளை அவன். உங்க பிள்ளை முகம் அவனுக்குப் புதுசு இல்லை.

பக்கத்தில் அப்படி ஒரு தாயைப் பார்த்தா நாமளும் ஒண்ணே ஒண்ணு கேட்போம்: "பிள்ளையைக் கொஞ்ச நேரம் நான் வெச்சுக்கவா?"

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!