ஆற்றில் இட்ட பொன்



ஆற்றிலே போட்டுக் குளத்திலே தேடுவதா என்பது உலக வழக்கு. காரியமறியாதானை எள்ளுதற்கு இதனை எடுத்தாள்வர். ஆயினும் அங்ஙனமே ஆற்றில் இட்டுக் குளத்திற் பெற்றவர் ஒருவர் நம் சமய குரவருள் உளர். அவர் இட்ட ஆறு, விருத்தாசலம் என இந்நாளில் வழங்கும் திருமுதுகுன்றத்தின் அருகே ஓடும் மணிமுத்தாறு. பெற்ற குளம் திருவாரூர்த் திருக்குளமாகிய கமலாலயம்.

நம்பியாரூரர் முதுகுன்றத்துப் பழமலைநாதரைப் பாடிப் பன்னீராயிரம் பொன் பெற்றனர். அப்பொன் தமக்கு ஆரூரிலே கிடைத்தல் வேண்டுமென விண்ணப்பித்து, இறைவன் ஆணைவழி அதனை ஆற்றில் இட்டனர். மாற்று ஒத்துப் பார்த்தற்கு மச்சமாக வெட்டிய சிறு துணுக்கு ஒன்றே அவர்பால் எஞ்சியது. பின்னர்த் தில்லை சென்று கூத்தப்பிரானை வணங்கி, வழியிடைத் தலங்களையும் தொழுது, ஆரூர் புகுந்தனர். ஆங்குக் குளத்தில் தேடியபோது பொன் உடனே தோன்றவில்லை, பரவையார் நகைத்தார். பதிகம் பாடிய பின்னரே அது வெளிப்பட்டது. மாற்றுக் குறைந்திருந்தது கண்டு மீண்டும் பாட, மச்சத்தோடு ஒத்தது. இது சேக்கிழார் பெருமான் விரித்தருளிய வரலாறு.

இதன்கண் நாம் கருதத்தக்கது யாது? பன்னீராயிரம் பொன்னைச் சுமந்து செல்வதாயின் ஆள் வேண்டும். ஆளைக் காக்கக் காவல் வேண்டும். தங்குமிடந்தோறும் கணக்கு வேண்டும். தில்லைத் திருவாயிலில் நிற்கும்போதும் நெஞ்சு மூட்டையிடத்தே நிற்கும். வன்றொண்டரோ பொன்னை வெறுத்தாருமல்லர், பொன்னைச் சுமந்தாருமல்லர். மச்சம் வைத்துக்கொண்டமையால் பொருளை அசட்டை செய்தாருமல்லர். கொடுத்தவனிடத்திலேயே அதனை ஒப்புவித்து, வெறுங்கையராய்க் கூத்தன் முன் நின்றார். வாழ்க்கையை எளிதாக்குதல் என்பது இதுவே என்று யாம் துணிகின்றோம்.

இனி, சித்தாந்த நோக்கில் இதனை ஆராய்வாம். தனு, கரணம், புவனம், போகம் என்னும் நான்கும் மாயையின் காரியம். அவை உயிரைக் கெடுத்தற்குத் தரப்பட்டன அல்ல. ஆணவ இருளில் அழுந்திய உயிர்க்குச் சிறிது அறிவு விளங்குதற்பொருட்டு இறைவனாற் கூட்டப்பட்டன. ஆதலின் உமாபதி சிவாசாரியர் திருவருட்பயனில் மாயையைப் பொழுது புலரும்வரை உதவும் விளக்கோடு ஒப்பிட்டனர். விளக்கு வேண்டாமென்பார் யாவர்? ஆயின் ஒரு விளக்கின் ஒளியில் நூலோதப் புகுந்தவன், அதனை விடுத்து நூறு விளக்குகளை ஏற்றி, ஒவ்வொன்றற்கும் எண்ணெய் வார்த்தும் திரி தூண்டியும் இரவைக் கழிப்பானாயின், அவன் ஓதுவது எப்பொழுது? பொருள்கள் மிகும்போது விளக்கே இருளின் வேலையைச் செய்யத் தொடங்குகின்றது.

விருத்தாசலம் இக்காலத்துப் பீங்கான் தொழிலாற் பெயர்பெற்ற ஊர். அத்தொழிலின் முறைகளுள் ஒன்று நமக்கு நல்லாசிரியனாகின்றது. களிமண்ணை நீரிற் கரைத்துக் குழம்பாக்கி, பாரிஸ் சாந்தினாற் செய்த அச்சில் நிரம்ப வார்ப்பர். அச்சு நீரை உறிஞ்ச, குழம்பு ஓரத்தே படிந்து சுவராகத் திரளும். வேண்டுமளவு தடித்ததும் எஞ்சிய குழம்பைக் கவிழ்த்து வெளியே கொட்டிவிடுவர். அங்ஙனம் கொட்டாது விட்டால் உள்ளிடம் முழுதும் இறுகிப்போம். ஒரு துளி நீரும் ஏலாத கட்டியே மிஞ்சும். அளவிறந்து தடித்தது சூளையில் வெடித்தலும் உண்டு. கொட்டப்பட்ட குழம்பும் நல்ல மண்ணே. பாண்டத்துக்கு வேண்டிய அளவினை அது கடந்தது, அவ்வளவே. வார்க்கவும் தெரிதல் வேண்டும். உரிய பொழுதிற் கவிழ்க்கவும் தெரிதல் வேண்டும்.

நம் நிலை யாது? பூசையறையில் படங்கள் பெருகின, பூசை குறுகிற்று. பேழையில் நூல்கள் பெருகின, ஓதல் குறுகிற்று. கைப்பேசி நொடிதோறும் நம்மை அழைக்கின்றது. திருவைந்தெழுத்தை நாம் அழைப்பதற்குப் பொழுதில்லை. சைவத்தை வளர்ப்பதற்கெனக் கூட்டங்களும் விழாக்களும் நடத்துகின்றோம். அவற்றின் கணக்கு முடியுமுன் சந்தி வேளை கடந்துவிடுகின்றது. பிறரைக் கூறுவானேன்? சிவஞான முனிவர் அருளிய மாபாடியத்தின் பதிப்புக்கள் மூன்று நம்மிடத்தே உள. சென்ற ஆண்டில் அவற்றுள் ஒன்றையேனும் முழுதும் ஓதினோமோவெனின், இல்லை. ஆயினும் வேறொரு பதிப்பு விலைக்கு வந்ததெனக் கேட்டபோது அதன்மேற் சென்ற வேட்கை மட்டும் குறைந்திலது. இதனை எழுதுதற்கு நாணுகின்றோம். எழுதாதொழிதற்கு அதனினும் நாணுகின்றோம்.

அற்றேல், எல்லாவற்றையும் துறத்தல் வேண்டுமோவெனின், அதற்கும் முதுகுன்றத்திலே சான்று உண்டு. அரச வாழ்வைத் துறந்து, பேரூர்ச் சாந்தலிங்க அடிகளிடம் ஞானம் பெற்று, இவ்வூரில் தங்கிச் சமாதியுற்ற குமாரதேவர் திருமடம் இங்கேயுள்ளது. அது வல்லார்க்குரிய வழி. ஆயினும் துறவினும் ஓர் இடர் உண்டு. ‘யான் இத்துணைப் பொருளை விட்டேன், எனக்குத் தேவை இரண்டே உடை’ என எண்ணிக் கணக்கிடுவானாயின், அவன் பொருளை விட்டும் ‘எனது’ என்பதை விட்டானல்லன். விட்டதும் அவனுக்கு ஓர் உடைமையாயிற்று. ஆணவம் வெற்றறையிலும் வாழும்.

ஆகவே குறைத்தல் ஒன்றே போதாது. யாருடையது என்று அறிதலும் வேண்டும். மண்ணையும் சூளையையும் பேசிய இடத்துத் தில்லை வேட்கோவராகிய திருநீலகண்ட நாயனார் நினைவுக்கு வாராதிரார். அடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்த அப்பெருந்தகையினிடத்துச் சிவயோகியார் ஓர் ஓட்டினை அடைக்கலமாக வைத்து மறைந்தார். பின்னர் வந்து கேட்டபோது அது காணப்படவில்லை. வேறொரு நல்ல ஓடு தருவதாக நாயனார் இரந்தும், பொன்னாற் செய்து தரினும் கொள்ளேன், யாம் வைத்த ஓடே வேண்டுமென்றார் யோகியார். பொருளின் பெருமை அதன் விலையில் இல்லை. வைத்தவன் இன்னான் என்பதில் உள்ளது. நம் உடலும், பொழுதும், நூலும், மடத்து நிலமும் யாவும் ஒருவன் வைத்த அடைக்கலமே. அடைக்கலம் என உணர்ந்தவன் அவற்றை வீணே பெருக்கவும் மாட்டான். இகழ்ந்து எறியவும் மாட்டான்.

முதுகுன்றத்தை அடுத்த பெண்ணாகடத்தில் தோன்றிய மெய்கண்டதேவர் தம் நூலைப் பன்னிரண்டே சூத்திரங்களில் நிறுத்தினார். முப்பொருளுண்மைக்கு அவ்வளவே இடம் போதுமாயிற்று. நாமும் நாள்தோறும் வைகறையில் இரண்டு நாழிகையை முதற்கண் இறைவனுக்கென ஒதுக்கி, எஞ்சிய பொழுதிற்கு ஏற்ப ஏனையவற்றைச் சுருக்கிக்கொள்வோமாக. ஏனையவற்றை முடித்துவிட்டு எஞ்சிய பொழுதைத் தருவோமெனின், எஞ்சுவது ஒன்றுமில்லை என்பதை இதுவரை கண்டோமன்றோ? ஒரு பொருளைக் கொள்ளும்போதெல்லாம், ‘இது எதன்பொருட்டுத் தரப்பட்டது?’ என ஒருமுறை வினவுவோமாக. விடை தோன்றாதாயின் அதனை உடையானிடத்தே ஒப்புவிப்போம். அவன் அடியார்க்கு உதவுமாறு வழங்கிவிடுவோம்.

அன்பர்காள், நாம் செல்லவேண்டிய தில்லை இன்னும் தொலைவில் உள்ளது. பொழுதோ சிறிது. மணிமுத்தாறு அருகே ஓடுகின்றது. வெறுங்கையராய் நடத்தற்குப் பழமலைநாதன் திருவருள் துணைநிற்பதாக.

திருச்சிற்றம்பலம்.