புத்தகக் கடையிலிருந்து வந்த பீரங்கிப் படை

"இதையெல்லாம் எனக்கு யார் சொல்லிக் கொடுத்தார்கள்?" என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கும் தம்பியே, தங்கையே, உன்னிடம்தான் பேசுகிறேன். பட்டம் இல்லை, பயிற்சி இல்லை, தூக்கிவிட ஆள் இல்லை என்று நீ அடுக்குகிறாயே, அத்தனை இல்லைகளையும் தோளில் சுமந்த ஒரு மனிதர் அமெரிக்க விடுதலைப் போரின் பீரங்கிப் படைக்கே தலைவரானார். அவர் பெயர் ஹென்றி நாக்ஸ்.

1750இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். தந்தை தொழிலில் நொடித்துப்போய், குடும்பத்தை விட்டு மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போனார். அங்கேயே இறந்தார். சிறுவன் நாக்ஸின் பள்ளிப் படிப்பு பாதியில் நின்றது. தாயைக் காப்பாற்றப் புத்தகக் கடை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தான். கடையில் இருந்த புத்தகங்களைப் படிக்க முதலாளி அனுமதித்தார். அந்த ஒரு கதவு திறந்தது போதும் அவனுக்கு! வேலை முடிந்ததும் படித்தான். பிரெஞ்சு மொழியைத் தானே கற்றான். போர்க்கலை, கோட்டை கட்டும் முறை, பீரங்கி இயக்கம் என்று கையில் கிடைத்ததை எல்லாம் விழுங்கினான்.

1771இல் சொந்தமாகக் கடை வைத்தார். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளே அங்கு வாடிக்கையாளர்கள். அவர்களிடம் புத்தகம் விற்றார்; தனக்குப் புரியாததைக் கேள்வி கேட்டுத் தெரிந்துகொண்டார். வேட்டைத் துப்பாக்கி வெடித்து இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. அந்தக் கையைக் கைக்குட்டையால் சுற்றிக்கொண்டு மீண்டும் படிக்க உட்கார்ந்தார். கவனித்தாயா? அப்போது எந்தப் படையும் அவரை அழைக்கவில்லை. எந்தப் பதவியும் காத்திருக்கவில்லை. அழைப்பு வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே அவர் தயாராகிக்கொண்டிருந்தார்!

1775 ஏப்ரலில் போர் வெடித்தது. நாக்ஸின் மாமனார் பிரிட்டிஷ் அரசின் உயர் அதிகாரி. அந்த நிழலில் ஒதுங்கியிருந்தால் வாழ்க்கை சுகமாகப் போயிருக்கும். அவரோ மனைவி லூசியுடன் பாஸ்டனை விட்டு வெளியேறி விடுதலைப் படையோடு சேர்ந்தார். பாஸ்டனுக்குள் பிரிட்டிஷ் படை. சுற்றிலும் தளபதி வாஷிங்டனின் விடுதலைப் படை. முற்றுகை இருந்தது, கனரகப் பீரங்கிகள் இல்லை. அவை வடக்கே, ஏரிக்கரையில், டைகாண்டரோகா கோட்டையில் கிடந்தன. அவற்றைக் கொண்டுவரும் பொறுப்பை வாஷிங்டன் ஒப்படைத்தது யாரிடம் தெரியுமா? 25 வயதுப் புத்தக வியாபாரியிடம். கர்னல் பதவிக்கான ஆணைகூட அவர் கைக்கு வந்து சேராத நேரம் அது.

டிசம்பரில் கோட்டையை அடைந்தார். கூடவே 19 வயதுத் தம்பி வில்லியம். சுமார் 60 பீரங்கிகள், ஏறத்தாழ 60 டன் இரும்பும் பித்தளையும். கடக்க வேண்டிய தூரம் 480 கிலோமீட்டர். ஏரியில் ஒரு படகு பாறையில் மோதி மூழ்கியது, மீட்டார்கள். பிறகு 42 சறுக்கு வண்டிகளும் 80 ஜோடி எருதுகளும் ஏற்பாடு செய்திருப்பதாக வாஷிங்டனுக்கு எழுதினார். இன்னும் 16, 17 நாட்களில் வந்துவிடுவேன் என்றும் எழுதினார். ஆனது அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். பனி பெய்யாவிட்டால் சறுக்கு வண்டி நகராது; பெய்து உருகினால் ஆற்றின் மேல் பனிப்பாளம் தாங்காது. பாளத்தில் துளையிட்டு, மேலே பெருகிய நீரை உறையவைத்துத் தடிமன் ஏற்றினார்கள். அப்படியும் ஒரு பீரங்கி ஆற்றுக்குள் போனது. உள்ளூர் மக்கள் கை கொடுக்க, அதையும் வெளியே இழுத்தார்கள்.

நான் உன்னை நிறுத்திப் பார்க்கச் சொல்வது இவற்றைவிட முக்கியமான ஓரிடம். பெர்க்‌ஷயர் மலைப்பகுதி, பிளாண்ட்ஃபோர்டு என்ற ஊர், 1776 ஜனவரி. வண்டியோட்டிகள் இனி நகர மாட்டோம் என்று நின்றுவிட்டார்கள். முன்னே செங்குத்தான இறக்கம், அதற்கு அப்பால் பனியே இல்லை. அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. நாக்ஸ் சவுக்கை எடுக்கவில்லை. பேசினார். ஏறக்குறைய மூன்று மணி நேரம் பேசினார். கூடுதலாக இரண்டு ஜோடி எருதுகளை வாடகைக்கு அமர்த்தினார். அவர்கள் சம்மதித்தார்கள். தன் நாட்குறிப்பில் இதைச் சில வரிகளில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டார். நீ முதல் மறுப்பிலேயே திரும்பி வந்துவிடுகிறாயே, அப்படித் திரும்பிய ஒவ்வொரு வாசலிலும் இன்னொரு மணி நேரம் நின்று பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பார்!

பீரங்கி வந்தது, அடுத்த சிக்கலும் வந்தது. பாஸ்டனைப் பார்த்து நிற்கும் டார்செஸ்டர் குன்றின் மேல் அவற்றை ஏற்ற வேண்டும். உறைந்த மண்ணில் மண்வெட்டி இறங்கவில்லை. ரூஃபஸ் புட்னம் என்ற அதிகாரி, அவரும் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாதவர், இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தில் வழி கண்டார். மரச்சட்டங்களையும் குச்சிக் கட்டுகளையும் முன்கூட்டியே செய்து, மேலே கொண்டுபோய் அடுக்கி அரண் அமைப்பது. மார்ச் 4 இரவு, சக்கரச் சத்தம் கேட்காமல் வைக்கோல் பரப்பி ஏறினார்கள். பொழுது விடிந்தபோது குன்றின் மேல் கோட்டை நின்றது. மார்ச் 17 அன்று பிரிட்டிஷ் படை கப்பலேறிப் பாஸ்டனை விட்டுப் போனது.

நாக்ஸ் தவறே செய்யாதவர் என்று சொல்ல மாட்டேன். 1777இல் ஜெர்மன்டவுன் போரில், எதிரிகள் பதுங்கிய ஒரு கல்வீட்டைப் பின்னால் விட்டுவிட்டு முன்னேறக் கூடாது என்று புத்தக விதியைப் பிடித்து வாதாடினார். அந்த வீட்டைத் தாக்கியதில் நேரமும் உயிர்களும் போயின. படித்தது அவரை ஒருமுறை கவிழ்த்தது. அதற்காகப் படிப்பை விட்டாரா? போரையும் விடவில்லை. யார்க்டவுனில் 1781இல் பிரிட்டிஷ் படை சரணடைந்த முற்றுகையில் அமெரிக்கப் பீரங்கிகள் அவர் சொல்லுக்கே முழங்கின. 1789இல் புதிய நாட்டின் போர்த்துறைச் செயலாளரானார்.

இத்தனையிலும் என்னை உலுக்குவது வேறொன்று. 1778-79 குளிர்காலம், நியூஜெர்சியின் பிளக்கமின் முகாம். சண்டை ஓய்ந்திருந்த அந்த மாதங்களில் நாக்ஸ் தன் அதிகாரிகளுக்காக ஒரு பீரங்கிப் பள்ளியைத் திறந்தார். போர்க்கலை கற்பிக்க நாட்டுக்கென ஒரு கல்விக்கூடம் வேண்டும் என்று 1776 முதலே வாதாடிவந்தவர் அவர். வெஸ்ட் பாயிண்டில் ராணுவக் கல்விக்கழகம் 1802இல் தொடங்கப்பட்டபோது, பள்ளியைப் பாதியில் விட்ட அந்தச் சிறுவன் 51 வயது மனிதராக அதைப் பார்க்க உயிரோடு இருந்தார்.