ஐயமும் பேணுதலும்

ஒரு தீங்கு சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கப்பட்ட பின்னர்தான் அதைத் தடுப்பது மார்க்கக் கடமையாகுமா, அன்றி அது நேரக்கூடும் என்ற நியாயமான அச்சமே ஒருவனைக் கடமைக்கு உட்படுத்தப் போதுமா என்னும் வினா பிக்ஹு என்னும் மார்க்கச் சட்டக் கலையில் மிகப் பழமையானது. பாதரசத்தை முன்னிட்டு அவ்வினா இன்று நம்மிடமும் விடை கேட்கிறது. பாதரசத்தாற் பொன்னைப் பிரிக்கும் சுரங்கம் எதுவும் நமது ஊராகிய நற்பிட்டிமுனையில் இல்லை. மேற்கே கிட்டங்கிப் பக்கத்து வயல்களும் கிழக்கே கல்முனைக் கடலுமே இப்பிரதேசத்தின் செல்வம். ஆயினும், நமது கல்யாண வீடுகளில் மணப்பெண் அணியும் பவுண் எங்கோ ஒரு தேசத்தின் மண்ணைப் பிளந்து எடுக்கப்பட்டதாகையாலும், நமது சட்டியிற் கொதிக்கும் மீன் சகல தேசங்களின் கழிவையும் ஏற்கும் சமுத்திரத்திற் பிடிக்கப்பட்டதாகையாலும், சுரங்கத்தருகே வாழ்பவனின் ஆரோக்கியம் நமது விசாரணைக்குப் புறம்பான விஷயமென்று நாம் ஒதுங்கிவிட முடியாது.

சிறு சுரங்கத் தொழிலாளி பொன் கலந்த கல்லை இடித்துப் பொடியாக்கிப் பாதரசத்தைச் சேர்க்கிறான். பொன்னைப் பற்றிக்கொண்ட அந்தக் கலவையைத் துணியிலிட்டுப் பிழிந்து நெருப்பிற் காய்ச்சுகிறான். பாதரசம் ஆவியாகப் பறக்க, பொன் எஞ்சுகிறது. பல தேசங்களில் இக்காரியம் குழந்தைகள் உறங்கும் வீட்டின் அடுப்பிலேயே நடைபெறுகிறது. சுவாசத்தோடு உட்புகும் அந்த ஆவி மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கிக் கைநடுக்கத்தையும் ஞாபகக் குறைவையும் உண்டாக்குகிறது. ஆற்றோடு செல்லும் பாதரசமோ சேற்றிலுள்ள நுண்ணுயிர்களால் மீதைல் பாதரசமாக மாறி, சிறு மீனிலிருந்து பெரு மீனுக்கு ஏறுந்தோறும் செறிவடைந்து, இறுதியில் மனிதனின் தட்டை வந்தடைகிறது. 2015ஆம் ஆண்டில் மனிதர் செயலால் காற்றிற் கலந்த பாதரசம் ஏறத்தாழ 2,220 தொன் என்றும், அதில் 38 சதவீதமளவு இச்சிறு பொற்சுரங்கங்களிலிருந்து எழுந்தது என்றும் ஐக்கிய நாடுகள் சுற்றாடல் திட்டம் கணித்திருக்கிறது.

பொற்சுரங்கத்தின் பாரத்தைத் தமிழரும் நெடுங்காலம் சுமந்தவரே. 1880இல் ஜோன் டெய்லர் கம்பனியார் கோலார் தங்கவயலில் கால்வைத்த காலந்தொட்டு, வடஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமியின் அடியாழத்தில் இறங்கி உழைத்தன. தொடக்கத்தில் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளாலும் பின்னர் சயனைட்டாலும் அங்கே பொன் பிரிக்கப்பட்டது. 2001 பெப்ரவரி 28இல் சுரங்கம் மூடப்பட்டபோது எஞ்சியவை கழிவு மண்ணின் குன்றுகள். அதே ஆண்டு மார்ச் மாதம், கொடைக்கானலில் உடல்வெப்பமானி செய்த ஆலையின் பாதரசம் தோய்ந்த கண்ணாடிக் கழிவு பழைய சாமான் கடையொன்றிற் கண்டுபிடிக்கப்பட்டதால் அவ்வாலையும் மூடப்பட்டது. இரண்டிடத்திலும் இலாபம் தூர தேசம் சென்றது. கழிவும் நோயச்சமும் உழைத்தவனின் வாசலில் தங்கின.

இங்கே ஓர் ஆட்சேபம் எழும். உறுதியானதைச் சந்தேகம் நீக்காது என்பது பிக்ஹின் ஐந்து மூல விதிகளுள் ஒன்றல்லவா? கடல் மீன் ஹலால் என்பதும், பெண்களுக்குத் தங்கம் ஆகுமானது என்பதும் உறுதி. பாதரசத்தின் தீங்கோ, சிறு அளவுகளில், அறிஞரே தம்முள் மாறுபடும் விஷயம். வட அத்லாந்திக்கின் பரோ தீவுகளில் 1986, 1987ஆம் ஆண்டுகளிற் பிறந்த பிள்ளைகளை ஆராய்ந்தோர், திமிங்கில இறைச்சி உண்ட தாய்மாரின் பாதரசம் அப்பிள்ளைகளின் கவனத்தையும் மொழியையும் ஞாபகத்தையும் குறைத்ததாகக் கண்டனர். நமது இந்து சமுத்திரத்திலேயே உள்ள சீசெல்ஸ் தீவுகளில் மீன் மிகுதியாக உண்ணும் தாய்மாரின் பிள்ளைகளை ஆராய்ந்தோர் அத்தகைய சீரான பாதிப்பைக் காணவில்லை. இவ்வாறிருக்க, ஐயத்தின் மேல் எவ்வாறு ஒரு கடமையைக் கட்டுவது?

அந்த ஐந்து மூல விதிகளுள் தீங்கு நீக்கப்படவேண்டும் என்பதும் ஒன்றாகும். இவ்விரண்டும் முரணின்றி நிற்பதெங்ஙனம் என்பதற்கு நமது ஷாபிஈ மத்ஹபின் கிதாபுகளே உதாரணம் தருகின்றன. உஷ்ணப் பிரதேசங்களில் உலோகப் பாத்திரத்தில் வெயிலாற் சூடேறிய தண்ணீரை உடலில் உபயோகிப்பது மக்ரூஹ் என்று மத்ரசாவில் ஓதும் சிறுவனும் அறிவான். உலோகத்திலிருந்து கசிவது தோல்நோயை விளைக்கும் என்ற அச்சமே அதன் காரணம். அச்சம் உறுதியாகாமையால் அதனை ஹராமென்னவில்லை. அச்சம் இருந்தமையால் அதனை அலட்சியம் செய்யவுமில்லை. இமாம் நவவி போன்ற பேரறிஞர் அதற்கு மருத்துவச் சான்று போதாதென்று விவாதித்ததும், சான்றின் வலிமைக்கேற்பவே சட்டத்தின் வலிமை அமையவேண்டும் என்ற அதே நெறியின்பாற்பட்டதாகும்.

இதனினும் தெளிவானது நோன்பின் சட்டம். ரமழானின் நோன்பு இஸ்லாத்தின் தூண்களுள் ஒன்று. அதன் கடமையில் எள்ளளவும் ஐயமில்லை. எனினும், கருவிலிருக்கும் சிசுவுக்கோ பால்குடிக்கும் பிள்ளைக்கோ கேடு நேருமென்று தாய் அஞ்சினால், அக்கேடு நிகழ்ந்து நிரூபணமாகும்வரை காத்திராமல், அவள் நோன்பை விட்டுப் பின்னர் கழாச் செய்து, பித்யாவும் கொடுக்க ஷரீஅத் இடமளிக்கிறது. உறுதியான ஒரு பர்ளே, பிறவாத பிள்ளையைக் குறித்த நியாயமான அச்சத்துக்கு வழிவிடுமாயின், இலாபமும் பழக்கமும் வழிவிடலாகாது என்று வாதிப்பது எந்த நியாயத்தைச் சாரும்? உறுதிக்காகக் காத்திருத்தலின் விலையை மினமாட்டா உலகுக்குக் காட்டியது: ஜப்பானின் அக்கடலூரில் 1956 மே 1ஆம் திகதி நோய் அறிவிக்கப்பட்டும், அரசாங்கம் அங்கிருந்த ஆலையின் கழிவிலுள்ள பாதரசமே காரணமென்று ஏற்றது 1968இல்தான்; அதற்கிடையில், தம்மளவில் நோய்க்குறி அதிகமில்லாத தாய்மார் வயிற்றிலும் மூளை சிதைந்த பிள்ளைகள் பிறந்தனர்.

ஆகவே, ஆபத்தை அளந்தறிதல் இருளில் அச்சத்தோடு தடுமாறுவதன்று. அச்சத்துக்கு உரிய அளவைக் கண்டறியும் ஒழுக்கமாகும். ஒரு பொருள் என்ன கேட்டைச் செய்யும், எவ்வளவிற் செய்யும், யாருடைய உடலில் எவ்வளவு சேர்கிறது, இவற்றாற் பெறப்படும் முடிவு யாது என்ற நான்கு வினாக்களை அவ்வறிவு வரிசையாகக் கேட்கிறது. உலக சுகாதார நிறுவனமும் உணவு விவசாய நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு 2003இல் வகுத்தபடி, ஒருவர் உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் வாரத்துக்கு 1.6 மைக்ரோகிராம் மீதைல் பாதரசத்தையே தாங்கலாம். 60 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது 96 மைக்ரோகிராம். கிலோவுக்கு 1 மில்லிகிராம் மீதைல் பாதரசம் கொண்ட சுறாவில் 100 கிராம் உண்டாலே அந்த எல்லை தாண்டப்பட்டுவிடும். பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கவென்று தமிழ்க் கரையோரங்களில் அன்போடு கொடுக்கும் பால்சுறாவைப் பற்றி இதைச் சொல்லவேண்டியிருப்பது வேதனைக்குரியது. ஆனால் சொல்லாதிருத்தல் அன்பாகாது. அமெரிக்க அதிகாரிகள் தமது எல்லையை வகுக்கையில், அறியாதவற்றுக்காக அதனைப் பத்திலொன்றாகக் குறுக்கினர். நமது பெரியோர் பேணுதல் என்று போற்றும் குணமும் அதுவே.

இமாம் கஸ்ஸாலி தமது இஹ்யா என்னும் நூலில் மருத்துவத்தையும் கணிதத்தையும் பர்ளு கிபாயா என்று வகைப்படுத்தினார்: சிலர் கற்றுச் செய்தால் மற்றோர் மீதான கடமை நீங்கும், ஒருவரும் செய்யாவிடின் ஊரனைத்தும் குற்றத்துக்குள்ளாகும். மருத்துவமும் கணிதமும் கூடிப் பிறந்ததே ஆபத்தை அளக்கும் அறிவு. அதுவும் பர்ளு கிபாயாவே. அளந்ததை மக்களின் மொழியிற் சொல்லுதலும் அக்கடமையின் பகுதி. 1971, 1972ஆம் ஆண்டுகளில் ஈராக்கின் உழவர், பாதரச மருந்திட்ட விதைக் கோதுமையை ரொட்டியாக்கி உண்டு, 6,530 பேர் வைத்தியசாலைகளிற் சேர்க்கப்பட்டு, 459 பேர் அங்கே மாண்டனர். அம்மூட்டைகளில் எச்சரிக்கை அச்சிடப்பட்டிருந்தது, அவர்கள் அறியாத அந்நிய பாஷையில்.

ஒரு தீங்கை அதற்கு நிகரான தீங்கினால் நீக்கலாகாது என்பதும் பிக்ஹின் விதி. வறிய சுரங்கத் தொழிலாளிக்கு வேறு வழி காட்டாது அவன் தொழிலைத் தடுப்பதும், ஏழையின் மலிவான புஷ்டியாகிய மீனையே அஞ்சி ஒதுக்குமாறு போதிப்பதும் இவ்விதிக்கு மாறானவை. சாளையும் கீரியும் போன்ற சிறு மீன்களிற் பாதரசம் சொற்பம். கர்ப்பிணிகளுக்குச் சுறாவைத் தவிர்த்து அவற்றைக் கொடுப்பது நன்மையைக் காத்துத் தீமையை விலக்கும் வழியாகும். 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாட்டா உடன்படிக்கை, சிறு சுரங்கங்களிற் பாதரசத்தைக் குறைத்து, இயலுமிடத்து ஒழிக்குமாறு தேசங்களைக் கேட்கிறது. இலங்கையும் அதில் அங்கம் வகிக்கிறது.

நமது பங்கு தெளிவானது. பவுணின் எடையையும் மாற்றையும் விசாரிக்கும் நாம் அது பிறந்த இடத்தையும் விசாரிக்கவேண்டும்; வியாபாரிக்கு விடை தெரியாதபோது, மஹரின் பெருமையைப் பவுணின் தொகையால் அளக்கும் வழக்கத்தையேனும் குறைத்துக்கொள்ளவேண்டும். நமது மீன்களில் உள்ள பாதரசத்தை அளந்து, முடிவைத் தமிழில் வெளியிடுமாறு அதிகாரிகளைக் கேட்பது மருத்துவர், ஆசிரியர், மீனவர் சங்கங்களின் பொறுப்பு. அதனைக் கர்ப்பிணியின் வீடுவரை கொண்டுசேர்ப்பது ஜும்ஆ மேடையில் நிற்கும் உலமாக்களின் பொறுப்பு. அறியக்கூடியதை அறியாதிருந்துவிட்டு, அறியவில்லை என்பதையே நிரபராதித்துவத்துக்குச் சாட்சியாக மறுமையில் நிறுத்த ஒருவராலும் இயலாது.